லிப்ட்காரரின் கால் அசைந்த கதை

வாழ்நாளில் பாதியை லிப்ட் குழிகளுக்குள் கழித்தவர், உயரமான கட்டடங்களின் உச்சியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூக்கைச் சொறிந்தவர், கடைசியில் விழுந்தது தன் வீட்டு முக்காலியிலிருந்து. அதுவும் பரணில் கிடந்த ஒரு பழைய சூட்கேஸை எடுக்கப் போய். அந்த சூட்கேஸைப் பிறகு திறந்து பார்த்தபோது அதற்குள் அதைவிடச் சின்னதாக இன்னொரு சூட்கேஸ் இருந்தது. அதற்குள் ஒன்றுமே இல்லை. விதிக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

லிப்ட்காரர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. ஆள் குட்டை, கைகள் நீளம், வாய் கைகளைவிட நீளம். யாரைப் பார்த்தாலும் ஒரு பட்டப்பெயர் வைக்காமல் விடமாட்டார். கல்யாணமான புதிதில் மனைவிக்கே ‘எமர்ஜென்சி பெல்’ என்று பெயர் வைத்தார், அவள் ஒரு குரல் கொடுத்தால் கட்டடம் முழுக்கக் கேட்கும் என்பதால். அவளும் சும்மா இருக்கவில்லை, “நீங்க எந்த மாடியிலயும் நிக்காத லிப்ட்டு” என்று திருப்பிக் கொடுத்தாள். அவள் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். முன்னறையில் அவளுடைய தையல் மெஷின்கள், பின்னறையில் அவருடைய ஸ்பேனர்கள். குழந்தைகள் இல்லை. இருவருக்கும் பேச்சுக்குக் குறைவும் இல்லை.

அவர் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. அது தெரியாவிட்டால் இந்தக் கதை புரியாது. கதவு சரியாகப் பூட்டாத லிப்ட் நகராது, நகரவும் கூடாது. ஆனால் கோளாறு எங்கே என்று தேடும்போது மெக்கானிக்குகள் அந்தப் பூட்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு துண்டு வயரைப் போட்டு லிப்டை ஏமாற்றுவார்கள். கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் பூட்டியாகிவிட்டது என்று நம்பி அது ஓடும். அந்த வயருக்கு ஜம்பர் என்று பெயர். வேலை முடிந்ததும் அதைக் கழற்றாமல் வந்தால் என்றைக்காவது யாராவது சாக வேண்டியதுதான். அதனால் லிப்ட்காரர் தன் ஜம்பர் வயர்கள் எல்லாவற்றிலும் சிவப்புத் துணித் துண்டு கட்டி வைத்திருந்தார், மனைவி வெட்டிப்போட்ட மிச்சத்திலிருந்து எடுத்தது. கூட வேலை செய்கிறவர்களிடம் அடிக்கடி சொல்வார்: “ஜம்பர் போடறது தப்பில்ல. போட்டுட்டு மறந்துபோய் வீட்டுக்குப் போறான் பாரு, அவன்தான் கொலைகாரன்.”

முக்காலி விஷயத்துக்கு வருவோம். அவர் மேலே ஏறி நின்றார், மனைவி கீழே அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசல் மணி அடித்தது. “இதோ வந்துட்டேன், அசையாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். வந்தவன் பக்கத்து வீட்டுப் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “இங்க இல்லீங்க, அடுத்த வாசல்” என்று அவள் கதவைச் சாத்தியபோது உள்ளே சத்தம் கேட்டது. அசையாதீங்க என்று அவள் சொன்ன சொல்லை அவர் கால்கள் அன்றிலிருந்து ஒரு நாளும் தட்டியதில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டருக்கு முசுடு என்று படுத்த படுக்கையிலேயே பெயர் வைத்துவிட்டார். முசுடு பூசி மெழுகாமல் பேசினார். “நெஞ்சு மட்டத்துல தண்டுவடம் நசுங்கிடுச்சு. நடக்க மாட்டீங்க. ஆனா கை ரெண்டும் தங்கமா இருக்கு. அதைக் காப்பாத்திக்குங்க.” அவ்வளவுதான், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வார்டு சிஸ்டர்தான் வீட்டுக்கு அனுப்பும் முன் புருஷனையும் பெண்டாட்டியையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். சிறுநீர் இறங்க ஒரு டியூப் போட்டிருந்தார்கள். அது போய் ஒரு பையில் விழும்.

“நல்லாக் கேட்டுக்குங்க,” என்றாள் சிஸ்டர். “இந்த டியூப் எங்கயாவது மடங்கி அடைச்சுதுன்னா, உங்களுக்கு வயித்துல வலி தெரியாது. கால் உதறும். முகம் செவந்து வேர்த்துக் கொட்டும், தலை வெடிக்கற மாதிரி வலிக்கும். உடம்பு அப்படித்தான் கத்தும். டாக்டரைத் தேடி ஓடாதீங்க, முதல்ல டியூபைப் பாருங்க. விட்டீங்கன்னா ரத்தக் கொதிப்பு ஏறி மூளையில நரம்பு வெடிச்சிரும்.”

“லிப்ட்டு நின்னா முதல்ல மெயின் சுவிட்சப் பாக்கற மாதிரி,” என்றார் லிப்ட்காரர்.

மனைவி சிரிக்கவில்லை. சிஸ்டர் சொன்னதை உதட்டுக்குள்ளேயே திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவர் நெற்றியில் ஒரு துளி வேர்வை அரும்பினாலும் தைப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து டியூபைத் தடவிப் பார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

மனிதர் ஒரு வழியாகத் தேறினார். கட்டிலுக்கு மேலே கப்பியும் கயிறும் கட்டி, தானே இழுத்து எழுந்து வீல்சேருக்கு மாறினார். பழைய கூட்டாளிகள் பழுதான லிப்ட் பட்டன் பலகைகளைக் கொண்டுவந்து போட்டார்கள். சன்னலோரம் மேசை, பக்கத்தில் துணி காயப்போடும் கொடி, எதிரில் தெரு. சால்டரிங் புகையை ஊதிக்கொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கு இழுப்பார். கால் போனது போனதுதான் என்று அவர் மனசு ஒத்துக்கொண்டுவிட்டது. ஒத்துக்கொள்ளாதது அவள் மனசு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். “உன் மேல தப்பில்ல” என்று அவர் அவளிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தப்பு என்றும் சொன்னதில்லை. அந்த மௌனம் அவருக்கு வசதியாக இருந்தது. அது இருக்கும்வரை வெந்நீர் வேளைக்கு வந்தது, படுக்கை விரிப்பில் சுருக்கம் இல்லை, எதிர்ப்பேச்சு இல்லை. எமர்ஜென்சி பெல் அடிப்பதையே நிறுத்திவிட்டது. அவருக்கு அது உறுத்தியது, ஆனால் உறுத்தலோடு வாழ்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்றும் கண்டுகொண்டார். நல்ல மனிதர்தான், யார் இல்லையென்றது? நல்ல மனிதர்கள் செய்யும் கொடுமை இப்படித்தான் சத்தமில்லாமல் இருக்கும்.

அவள்தான் போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். வீல்சேரில் இருந்த ஒருவன் எழுந்து நிற்கிறான், பின்னால் இசை, அவன் அம்மா அழுகிறாள். ஸ்டெம் செல் சிகிச்சை. அவள் வாயில் அது ‘செல்லு ஊசி’ ஆனது. லிப்ட்காரர் பிடி கொடுக்கவில்லை. முசுடிடம் கேட்டுவிட்டுப் பார்க்கலாம் என்றார்.

“ஆராய்ச்சி நடக்குது, அது நிஜம்,” என்றார் முசுடு. “எலிக்குப் போட்டுப் பாத்திருக்காங்க. மனுஷங்க சில பேருக்கும் முறையா சோதனை பண்ணிட்டிருக்காங்க. ஆனா வைத்தியம்னு விக்கற அளவுக்கு இன்னும் வரல. நிஜமா ஆராய்ச்சி பண்றவன் உங்ககிட்ட காசு கேக்கமாட்டான். எவனாவது கேட்டான்னா எந்திரிச்சு ஓடிருங்க.”

சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொன்னோம் என்று முசுடுக்கு உறைத்தது. “அதுக்குத்தானே டாக்டர் ஊசி போடலாமான்னு கேக்கறோம்” என்று லிப்ட்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சேரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். வாசலில் சேரை நிறுத்திவிட்டு, “என் கை விட்டதுதானே. என் கையாலயே சரி பண்ணணும்னு நெனைக்கறேன். அதுகூட வேணாமா?” என்றாள். அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லும் துணிவு வராமல், “சரி, போலாம்” என்றார். ஒரு வார்த்தையை மிச்சம் பிடிக்க முதுகெலும்பைக் கொடுத்த மகானுபாவர்.

ஊசிக் காசுக்காக அவளுடைய புது மெஷின்கள் எல்லாம் விலை போயின. மிதித்து ஓட்டும் பழைய மெஷின் ஒன்றுதான் தங்கியது.

கிளினிக் ஒரு சோபாக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. லிப்டில் ஏறினார்கள். கதவு முழுக்கச் சாத்துவதற்குள் லிப்ட் கிளம்பிவிட்டது. லிப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எவனோ ஜம்பரைப் போட்டுட்டு அப்படியே போயிருக்கான். பாரேன், கதவு மூடவே இல்ல, ஓடுது.” அவள் அவர் தோளை அழுத்தினாள். “வந்த எடத்துல உங்க வேலைய ஆரம்பிக்காதீங்க. நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம்.” அந்த லிப்டிலேயே திரும்பி இறங்கியிருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

அங்கிருந்த டாக்டருக்குக் கோட்டு என்று பெயர் வைத்தார். கோட்டுக்குப் பஞ்சு மாதிரிக் குரல். எல்லோரையும் அப்பா, அம்மா என்று கூப்பிட்டார். “உங்க இடுப்பு எலும்புலேர்ந்து உங்க செல்லையே எடுத்து உங்களுக்கே போடறோம்ப்பா. உங்க பொருள் உங்களுக்கு. இதுல என்ன பயம்?” என்றார். இடுப்பில் குத்தினார்கள், உறிஞ்சினார்கள், கண்ணாடி அறைக்குள் கொண்டுபோனார்கள், திரும்பி வந்து முதுகில் போட்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் என்ன நடந்தது என்பது கோட்டுக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். கடவுள் அந்தப் பக்கம் வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிளம்பும்போது கோட்டு சொன்னதுதான் விஷம். “கால் உதறாம இருக்க ஒரு மாத்திரை சாப்பிடறீங்க இல்ல, அதை நிறுத்திருங்க. அது புது செல்லைத் தூங்க வெச்சிரும். அப்புறம், வேர்த்தா, தலை வலிச்சாப் பயப்படாதீங்கம்மா. அது நல்ல அறிகுறி. உள்ள செல்லு வேலை செய்யுதுன்னு அர்த்தம்.” அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வார்டு சிஸ்டர் சொல்லிக்கொடுத்த பாடம் அந்த நிமிஷத்தில் அவள் தலைக்குள்ளிருந்து துடைத்தெடுக்கப்பட்டது. லிப்ட்காரருக்கு அது தெரியும். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு எதுவும் நடக்கவில்லை. தினமும் காலையில் அவள் போர்வையை விலக்கிக் கால் விரல்களையே பார்ப்பாள். “இன்னிக்கு ஏதாவது தெரியுதா?” என்பாள். கோட்டுக்குப் போன் போட்டால், “சில பேருக்கு லேட்டாகும்மா, வீட்ல நம்பிக்கையான சூழ்நிலை இருக்கணும்” என்று பதில் வரும். ஊசி பலிக்கவில்லையென்றால் அதற்கும் அவள்தான் காரணம் என்று ஆயிற்று. சாப்பாடு குறைந்தது. ஒருநாள் பழைய மெஷினில் தைத்துக்கொண்டிருந்தபோது ஊசி அவள் வலது ஆள்காட்டி விரலில் ஏறி இறங்கியது. அவள் கத்தவில்லை. ரத்தம் சொட்டும் விரலைப் பார்த்து, “வலிக்கட்டும். இந்தக் கைதானே” என்றாள். லிப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டு பட்டன் பலகையைத் துடைத்தார். 

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. ஒரு மதியம் மடியில் போர்வையோடு அவர் சேரில் சாய்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். டியூப் சேரின் கைப்பிடிக்கும் தொடைக்கும் நடுவே நசுங்கிக் கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. தலை கனத்தது, காது சூடானது. திடீரென்று வலது கால் படீரென்று உதைத்து, செருப்பு பறந்து போய்ச் சுவரில் அடித்தது.

அவள் ஓடிவந்தாள். கால் இன்னொரு முறை உதைத்தது. “ஐயோ, அசையுது! என்னங்க, அசையுதுங்க!” என்று கத்தினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு எமர்ஜென்சி பெல் அடித்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவள் அவர் காலைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள்.

லிப்ட்காரரின் கை போர்வைக்கு அடியில் போய் டியூபை விடுவித்துவிட்டது. அது ஏன் உதைத்தது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சிஸ்டர் சொன்ன உதறல், அதை அடக்கும் மாத்திரையும் இல்லை, அவ்வளவுதான். இப்போது சொல்லிவிடலாம். அவர் வாயைத் திறந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள், முகம் கல்யாணத்தன்று இருந்தது போல இருந்தது. “காபி போடேன்” என்றார்.

அன்று இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். அவள் பழையபடி வாயாடினாள். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் கால் உதைக்கவில்லை, அவள் முகம் மறுபடி கறுக்க ஆரம்பித்தது. கோட்டிடம் போனில் மூக்கால் அழுவது கேட்டது. லிப்ட்காரர் பக்கத்துக் கொடியிலிருந்து ஒரு துணிக் கிளிப்பை எடுத்தார். தொழில் புத்தி விடுமா? அதில் ஒரு சிவப்புத் துணித் துண்டைக் கட்டினார். போர்வைக்கு அடியில் டியூபை மடித்துக் கிளிப்பை மாட்டினார், பொறுத்திருந்தார். தலை கனக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கால் உதைத்தது. அவள் ஓடிவந்தாள். அவர் கிளிப்பைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஜம்பர் போட்டவன் கையோடு எடுத்துவிட்டான். இதில் என்ன தப்பு?

அவர் நெற்றியில் வேர்வை வழிந்தபோது அவள் டியூபைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டு, “செல்லு வேலை செய்யுது” என்றாள்.

கோட்டு கேமராக்காரனை அனுப்பினார். லிப்ட்காரர் கிளிப்பை மாட்டினார், கால் உதைத்தது, படம் எடுத்தார்கள். பின்னால் இசை, மனைவி அழுகிறாள். விளம்பரத்தில் பார்த்த அந்த முதல் ஆளும் எந்தக் கிளிப்பை எங்கே மாட்டியிருந்தானோ என்று ஒரு கணம் யோசித்தார், அதோடு விட்டுவிட்டார். படம் பரவிய பிறகு எங்கெங்கிருந்தோ போன்கள் வந்தன. எல்லோரும் சார் என்றார்கள். “எப்படி சார் இருந்துச்சு, சூடா இருந்துச்சா, எறும்பு ஊர்ற மாதிரியா?” என்று கேட்டார்கள். முதலில் மழுப்பினார். போகப் போக எறும்பு ஊர்வதை அவரே விவரிக்க ஆரம்பித்தார். அந்தப் பேச்சில் அவருக்கு ருசி தட்டிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படிப் போன் செய்தவர்களில் ஒருவர் ரொட்டிக்கடைக்காரர். அவருக்குக் காலேஜில் படிக்கும் மகள், மாடிப்படியில் வழுக்கி விழுந்து முதுகு போய்விட்டது. ஊசிக்காகக் கடையையும் அடுப்பையும் விலை பேசிவிட்டார். கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை அந்தக் காலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றார். “வாங்க வாங்க” என்றாள் மனைவி. “போன்ல சொல்றத விட நேர்ல பாத்தாத்தான் மனசுக்குத் தெம்பு.”

காலையில் வருகிறோம் என்றார்கள். லிப்ட்காரர் கணக்குப் போட்டுக் கிளிப்பை முன்கூட்டியே மாட்டிவிட்டார். வழியில் டயர் பஞ்சர் என்று போன் வந்தது. இப்போது கழற்றினால் எல்லாம் வடிந்துவிடும், மறுபடி நிரம்ப நேரம் பிடிக்கும், அவர்கள் வெறும் காலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர் கழற்றவில்லை. தலை தெறித்தது. காதுக்குள் யாரோ சுத்தியால் அடித்தார்கள். முகம் ரத்தமாய்ச் சிவந்து, சட்டைக் காலர் நனைந்தது. மனைவி விசிறிவிட்டுக்கொண்டே, “இன்னிக்கு நல்லா வேர்க்குதே! அவங்க வர்ற நேரம் பாத்து!” என்று பூரித்துப் போனாள்.

வந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் காலையில் சுட்ட ரொட்டிப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, லிப்ட்காரரின் காலுக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் தன் வீல்சேரைத் தானே தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினாள். கால் அசையவில்லை. மனைவி டீ போட அடுப்படிக்குப் போனாள், காதை இங்கேயே வைத்துவிட்டு.

“பெரியப்பா,” என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. “எனக்கும் கால் உதறும். ஆனா நான் சொல்லி உதறாது, அது இஷ்டத்துக்கு உதறும். உங்க காலு நீங்க சொன்னாக் கேக்குதா? எனக்கு நிஜத்தச் சொல்லுங்க. அப்பாவுக்குக் கடைய விட்டா ஒண்ணும் இல்ல.”

அவள் கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. அங்கே ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. நிஜத்தைச் சொன்னால் இந்தப் பெண்ணின் அப்பாவுக்குக் கடை மிஞ்சும். தன் மனைவிக்கு என்ன மிஞ்சும்? விட்ட கைதான் மிஞ்சும்.

“முதல்ல அது இஷ்டத்துக்குத்தாம்மா இருக்கும்,” என்றார், நாக்கு கனக்க. “போகப் போக நம்ம இஷ்டத்துக்கு வரும். எனக்கு வந்துருச்சு.”

சொல்லி வைத்தது போல வலது கால் உதைத்தது. ஒரு முறை, இன்னொரு முறை. ரொட்டிக்கடைக்காரர் இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அண்ணே, போதும்ண்ணே. இது போதும். நாளைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்.” மனைவி டீத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்று சிரித்தாள், அழுதாள். பிறகு தட்டை வைத்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அதை யாரோ அவளிடம் திருப்பிக் கொடுத்தது போல.

லிப்ட்காரரின் கை போர்வைக்கு அடியில் கிளிப்பைத் தேடியது. பிடித்தது, இழுத்தது. கிளிப் தரையில் விழுந்தது. அதன் பின்னால் கையும் தொங்கி விழுந்தது. எடுக்கச் சொன்னார், கை கேட்கவில்லை. அறையில் எல்லோரும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெண் ஒருத்திதான்.

“அப்பா, காலை விடுங்க! அவர் வாய் கோணுது பாருங்க!”

ஆம்புலன்ஸ் வந்தது, கூச்சல், ஓட்டம். ஸ்ட்ரெச்சர் போவதற்காக மனைவி மேசையை இழுத்தபோது காலடியில் கிளிப் தட்டுப்பட்டது. இதில் எதற்கு இந்தத் துணி என்று சிவப்புத் துண்டைப் பிய்த்துப் போட்டாள். கிளிப்பைக் கொடியில் மாட்டிவிட்டு அவர் பின்னால் ஓடினாள்.

முசுடு ஸ்கேனைப் பார்த்தார். மூளையில் ரத்தக் கசிவு. “டியூப் எங்கயாவது அடைச்சிருந்துதா?” என்று கேட்டார். “இல்லியே டாக்டர், பை நெறைஞ்சு இருந்துதே” என்றாள் அவள். பொய்யில்லை. கிளிப் விழுந்த பிறகு எல்லாம் ஒரே மூச்சில் இறங்கியிருந்தது. ஊசி போட்ட விஷயத்தை அவள் தயங்கிச் சொன்னபோது முசுடு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், திட்டவில்லை. “கை ரெண்டும் தங்கமா இருந்துச்சேம்மா” என்றார். கட்டிலில் கிடந்தவர் அதைக் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. மிஞ்சியது இடது கையும், ‘ப்பா, ப்பா’ என்று ஒரு சத்தமும். ஊரில் ஒருவர் விடாமல் பெயர் வைத்த வாய் அது.

கோட்டுக்குப் போன் போட்டாள். “இதுக்கும் நம்ம ஊசிக்கும் சம்பந்தமில்லம்மா” என்று பஞ்சுக் குரல் சொன்னது. கொஞ்சம் பொறுத்து, “மூளைக்கும் செல்லு இருக்கும்மா. யோசிச்சுச் சொல்லுங்க” என்றது. ரொட்டிக்கடையில் இப்போது வேறு யாரோ செருப்பு விற்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் முதுகில் போட்டாயிற்று. பெரியப்பாவே சொன்னாரே என்று அவளும் கடைசியில் தலையை நீட்டிவிட்டாள். லிப்ட்காரரின் கால் உதைக்கும் படம் இன்னும் ஊர் ஊராக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது அவருக்குச் சொல்ல விஷயம் நிறைய இருந்தது. கிளிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், அந்தப் பெண்ணிடம் சொன்ன பொய்யைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், உன் மேல தப்பில்ல என்று சொல்ல வேண்டும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்ல முயன்றார். ‘ப்பா’ என்று வந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று அவள் அவர் வாயில் தண்ணீர் ஊற்றினாள்.

ஒருநாள் காலை அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, தலையணைகளைச் சரிசெய்துவிட்டு, அவள் மெஷினில் போய் உட்கார்ந்தாள். சுவர் அலமாரிக் கண்ணாடியில் அவருக்குத் தன் படுக்கை தெரிந்தது. போர்வை விலகியிருந்த இடத்தில் டியூப் அவர் தொடைக்கு அடியில் மடங்கி அகப்பட்டுக்கொண்டிருந்தது. பை சுருங்கிக் காலியாகத் தொங்கியது. பார்த்துக்கொண்டே கிடந்தார். தலை கனக்க ஆரம்பித்தது. காது சூடானது. காதுக்குள் சுத்தியல் வந்துவிட்டது. இடது கையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. கப்பிக் கயிறு வலது பக்கம் தொங்கியது.

“ப்பா! ப்பா!” என்று கத்தினார்.

அவள் ஓடிவந்தாள். அவர் இடது கையைத் தூக்கி, ஒரு விரலை நீட்டி, கீழே, தொடைப் பக்கம் காட்டினார்.  நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் இறங்கியது. அப்போது கால் உதைத்தது. போர்வை எகிறியது.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்துட்டேங்க, பாத்துட்டேன்! இதக் காட்டத்தான் கூப்பிட்டீங்களா? எவ்ளோ வேர்க்குது பாருங்க, செல்லு இன்னும் உள்ள இருக்கு, விட்டுப் போகல. நான் சொன்னேன்ல?”

அவர் தலையை ஆட்டினார், இல்லை இல்லை என்று. விரலை மறுபடி நீட்டினார். காலைத் தாண்டி, கீழே, அங்கே. அவள் கட்டிலில் உட்கார்ந்து, நீட்டிய அந்தக் கையை எட்டிப் பிடித்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் இழுத்துப் பார்த்தார். உணர்ச்சிவசப்படுகிறார் என்று நினைத்து அவள் இன்னும் இறுக்கினாள்.

“அலட்டிக்காதீங்க. நான் இருக்கேன், புடிச்சிட்டிருக்கேன்,” என்றாள்.

வாசல் மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை அடித்தது. யாராக இருந்தாலும் அப்புறம் வரட்டும் என்று, உதைக்கும் காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, பிடித்த கையை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.